சத்தியோதய நிலையம், கண்டி

இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் (1925–2017) 1972இல் கண்டியில் தொடங்கிய சமூக நிலையம். முந்தைய ஆண்டில் தென்னிலங்கை இளைஞர் கிளர்ச்சி இரத்தக்களரியோடு அடக்கப்பட்டிருந்தது. சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இங்கே சேர்ந்து உழைத்தனர். மதமாற்றம் இதன் நோக்கமன்று.

போருக்கு ஆள் தர மறுத்த குவேக்கர், மெனோனைட் மரபுகளே கிறிஸ்தவ அமைதிவாதம் என்றதும் நினைவுக்கு வருபவை. இந்த நிலையம் பணியாற்றிய மலையகத்தின், அதாவது மத்திய இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதியின், சிக்கல் வேறு. துப்பாக்கி வருமுன்பே சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரான தோட்டத் தொழிலாளரைக் காயப்படுத்தியிருந்தது: 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையை மறுத்தது, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கேளாமலேயே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்டது. இந்த நிலையில் நீதியைப் பேசாத அன்பு வெறும் உபதேசமாகவே நின்றிருக்கும். பகைவரை நேசி என்ற நற்செய்திக் கட்டளையைக் கஸ்பர்ஸ் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறைகளுக்கும் சம்பளத்துக்கும் வாக்குரிமைக்கும் கொண்டுவந்தார்.

நுவரெலியா, ஹட்டன் உள்ளிட்ட தோட்டப் பகுதிகளில் இயங்கிய அமைப்புகளை இணைக்க 1974இல் ஓர் ஒருங்கிணைப்புச் செயலகம் உருவானது. தோட்டங்களில் பட்டினி வாட்டிய காலம் அது. 1979இல் தோன்றிய, இனங்களிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்திலும் கஸ்பர்ஸ் முன்னின்றார். 1977, 1981, 1983 இன வன்செயல்கள் மலையகத் தமிழரையும் தாக்கின. பலர் வடக்கே வன்னிக்குப் பெயர்ந்தனர். வன்முறையைத் தடுக்கும் வலு ஒரு சிறு நிலையத்துக்கு இருக்கவில்லை. தோட்டத் தமிழரையும் அயற்கிராமச் சிங்களவரையும் ஒரே மேசையில் அமர்த்தும் வேலையே அதன் தனித்தன்மை. இலங்கைத் திருச்சபை வரலாறுகள் இதற்கு இன்னும் அதிகப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கலாம்.