தமிழ்நாட்டின் கூடைப்பந்து ஆண்டு

தமிழ்நாட்டில் கூடைப்பந்து ஆண்டு கோடை விடுமுறையோடு பிறக்கிறது. பெரியகுளம், கரூர், கோவை ஆகிய ஊர்களில் மின்னொளியில் நடக்கும் அகில இந்தியப் போட்டிகள் முதலில் வரும். கல்லூரிகள் திறந்ததும் மண்டலப் போட்டிகள், பிறகு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, அதையொட்டித் தேசிய சாம்பியன்ஷிப், நடுநடுவே இந்திய அணியின் பயிற்சி முகாம் என்று சுற்று முடியும். நகரத்துக்கு ஒரு கிளப், கிளப்புக்குச் சொந்த அரங்கம், ஏழெட்டு மாதம் ஓடும் லீக் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்த முறை இங்கே வேர்பிடிக்கவில்லை. அந்த இடத்தை வங்கியும் ரயில்வேயும் கல்லூரியும் நிரப்பின. செங்கல்பட்டு மாவட்டத்தில், கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்குளத்தூருக்கும் நடுவிலுள்ள பொத்தேரி அந்தக் கல்லூரிக் கட்டத்தின் முக்கியமான ஊர்களில் ஒன்று.

தோற்றம்

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டை அமைத்தார். பீச் பழக் கூடைகள் இரண்டு, பதின்மூன்று விதிகள், தொடக்கம் அவ்வளவுதான். ஒய்.எம்.சி.ஏ. கிளைகள் இருந்த நாடுகளுக்கெல்லாம் ஆட்டம் அந்த அமைப்பின் ஆட்கள் வழியாகவே போய்ச் சேர்ந்தது.

சென்னைக்கு வந்தவர் ஹாரி குரோ பக். அவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். 1920இல் அவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி பின்னர் நந்தனத்தில் நிலைகொண்டது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் குழுவைத் தயார் செய்ததிலும் அவருக்குப் பங்குண்டு. அவருடைய பெரிய பங்களிப்பு அந்தக் கல்லூரியில் பயின்று வெளியேறிய உடற்கல்வி ஆசிரியர்கள்தான் என்று சொல்ல வேண்டும். அவர்கள் வேலைக்குப் போன பள்ளிகளில் வாலிபாலோடு பாஸ்கெட்பாலும் நுழைந்தது. இரண்டு கம்பம், இரண்டு பலகை, ஒரு பந்து இருந்தால் போதும். பெரிய மைதானம் தேவையில்லை. நகர நடுவே இருந்த பள்ளிகளுக்கும் பெண்கள் பள்ளிகளுக்கும் இது தோதாக இருந்தது. இந்த மாநிலத்தில் பெண்களின் ஆட்டம் ஆண்களின் ஆட்டத்துக்கு இணையாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆடவருக்கான முதல் தேசிய சாம்பியன்ஷிப் 1934இல் டெல்லியில் நடந்தது. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா 1932இல் ஜெனீவாவில் உருவானது; இந்தியா 1936இல் அதில் சேர்ந்தது. அதே ஆண்டு பெர்லினில் கூடைப்பந்து ஒலிம்பிக் பதக்க விளையாட்டானது. அங்கே ஆட்டங்கள் திறந்தவெளி மண் தரையில் நடந்தன. இறுதி ஆட்டத்தில் மழை கொட்ட, சேற்றில் பந்தைத் தட்டவே முடியாத நிலையில் அமெரிக்கா 19-8 என்று கனடாவை வென்றது. நெய்ஸ்மித் அந்த ஒலிம்பிக்கை நேரில் கண்டார். இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் 1950இல் அமைந்தது.

கோடைப் போட்டிகள்

தமிழ்நாட்டுக் கூடைப்பந்தின் தனி முகம் கோடைப் போட்டிகளில்தான் தெரியும். பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் பி.டி. சிதன் நினைவுக் கோப்பை, கரூரின் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பை, கோவையின் நாச்சிமுத்துக் கவுண்டர் நினைவுக் கோப்பை ஆகிய மூன்றுமே அரை நூற்றாண்டைத் தாண்டியவை. சென்னையின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை, லோனாவாலாவின் இந்தியக் கடற்படை, பஞ்சாப் போலீஸ், ராணுவம், ரயில்வே அணிகள் என்று நாட்டின் முன்னணி அணிகள் இந்த ஊர்களுக்கு வந்து ஆடியிருக்கின்றன. இந்திய அணி வீரரைத் தொலைக்காட்சியில் பார்க்க வாய்ப்பே இல்லாத காலத்தில், பெரியகுளத்துப் பள்ளிப் பையன் அவரைப் பத்தடி தூரத்தில் பார்த்தான்.

ஆட்டங்கள் மாலையில் தொடங்கி இரவு வரை போகும். பகல் முழுக்க வெயில் குடித்த சிமெண்ட் தளம் ஆறு மணிக்கும் ஷூவுக்கு அடியில் சுடும். பந்தின் பிடிமானம் தேய்ந்து வழுக்கும். தூசி படிந்த தளத்தில் வீரர்கள் ஷூவின் அடிப்பாகத்தைக் கையால் துடைத்துக்கொண்டே ஆடுவார்கள். மே கடைசியில் கம்பம் பள்ளத்தாக்கு வழியே காற்று எழும்பிவிட்டால், 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிகிறவர் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கோடை மழை வந்தால் ஆட்டம் நிற்கும். தண்ணீரை வழித்துத் தள்ளி, சாக்கால் துடைத்து மறுபடி தொடங்குவார்கள். பலகைக் கேலரியில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் எழுந்து போகாது. பார்வையாளர்களுக்கு ஃபவுல் கணக்கும் டைம்-அவுட் கணக்கும் அத்துப்படி. நடுவர் ஒரு டிராவலிங்கைக் கவனிக்காமல் விட்டால் முதலில் குரல் எழுவது கேலரியிலிருந்துதான். இந்த ஊர்களில் ஆட்டத்தை இத்தனை காலம் காத்தவர்கள் உள்ளூர் வணிகர்களும் ஆலை முதலாளிகளும் ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களும். இந்தியக் கூடைப்பந்து வரலாற்றில் அவர்களுக்கு இன்னும் உரிய இடம் தரப்படவில்லை.

சிமெண்ட் தளத்துக்கு ஒரு விலையும் உண்டு. உள்ளரங்க மரத்தளம் உடல் எடையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சிமெண்ட் அப்படியே முழங்காலுக்குத் திருப்பி அனுப்பும். ரீபவுண்டுக்காக ஒரு ஆட்டத்தில் பல முறை எம்பிக் குதிக்கும் உயரமான வீரருக்கு இது சின்ன விஷயமில்லை.

வேலையும் ஆட்டமும்

இங்கே நல்ல ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் பெரிய பரிசு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை, சுங்கத்துறை ஆகியவை சென்னையில் அணி வைத்து வீரர்களை எடுத்தன. ஆட்டம் ஓய்ந்தபின்னும் சம்பளம் நிற்காது என்பதால்தான் நடுத்தரக் குடும்பங்கள் பிள்ளைகளைத் துணிந்து கோர்ட்டுக்கு அனுப்பின. தொழில்முறை லீக் ஒன்று இன்று தொடங்கி நாளை மூடப்படலாம். ரயில்வே வேலை அப்படிப் போகாது.

ஆனால் அணியின் ஆயுள் நிறுவனத்தின் ஆயுளைப் பொறுத்தது. பெங்களூரின் விஜயா வங்கி தென்னிந்தியப் போட்டிகளில் பல்லாண்டு ஆடிய அணி. 2019இல் அந்த வங்கியே பாங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்துவிட்டது. ஒரு நிறுவனம் ஆள் எடுப்பதைக் குறைத்தால் கல்லூரியிலிருந்து வெளிவரும் ஒரு தலைமுறையே வழியில்லாமல் நிற்கிறது. மாநிலத்தின் கணக்கும் மாறிப்போகிறது. தமிழ்நாட்டில் வளர்ந்த வீராங்கனை ரயில்வேயில் சேர்ந்தபின் தேசிய சாம்பியன்ஷிப்பில் இந்திய ரயில்வே அணிக்கு ஆடுகிறார். மகளிர் பட்டத்தை ரயில்வே திரும்பத் திரும்ப வெல்வதற்கும், மாநில அணிகள் இரண்டாமிடத்துக்குப் போராடுவதற்கும் பெரிய காரணம் இதுதான்.

மகளிர்

இந்தியாவின் மிகச் சிறந்த இரண்டு வீராங்கனைகளின் வாழ்க்கை சென்னையோடு பிணைந்தது. சென்னைக்காரரான அனிதா பால்துரை தெற்கு ரயில்வேயில் பணியாற்றியவர். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப்களில் இந்தியாவுக்காக ஆடினார், அணித் தலைவராகவும் இருந்தார். 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் பி பிரிவை இந்தியா வென்றபோது அவரும் அணியில் இருந்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கோட்டயத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ் தெற்கு ரயில்வேயில் சேர்ந்து சென்னையில் பயின்று உயர்ந்தவர். ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடிய அவர், 2011இல் அமெரிக்க மகளிர் தொழில்முறை லீகின் அணிகளில் தேர்வுச் சோதனைக்கு அழைக்கப்பட்டார். லீக் இல்லாத ஒரு நாட்டில், அலுவலக அணியில் ஆடி அந்த வாசல்வரை ஒருவர் போனது பெரிய செயல்.

2009 செப்டம்பரில் மகளிர் ஆசிய சாம்பியன்ஷிப் சென்னையிலேயே நடந்தது. சீனா பட்டம் வென்றது. சீனா, கொரியா, ஜப்பான் அணிகளின் வேகத்தைத் தமிழ்நாட்டுப் பள்ளி மாணவிகள் கண்ணெதிரே பார்த்தது அப்போதுதான்.

பொத்தேரியும் பல்கலைக்கழகங்களும்

பல்கலைக்கழக விளையாட்டில் 2000க்குப் பின் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை கல்லூரிகள் தங்களுக்குள் ஆடின. லயோலா கல்லூரியின் பெர்ட்ராம் நினைவுப் போட்டி அந்த மரபில் புகழ்பெற்றது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கோ, சென்னைப் பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த அத்தனை கல்லூரிகளிலிருந்தும் பொறுக்கியெடுத்து ஒரே அணியை அனுப்பும். ஒரு கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகமானால் தன் அணியை நேரடியாகத் தென்மண்டலப் போட்டிக்கு அனுப்பலாம்.

பொத்தேரியில் 1985இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய எஸ்.ஆர்.எம். 2002இல் அந்த நிலையை அடைந்தது. விளையாட்டு வீரர்களுக்குப் படிப்பும் விடுதியும் சாப்பாடும் கொடுத்து ஆண், பெண் இருபாலருக்கும் அணி திரட்டியது. பல்கலைக்கழக மட்டத்தில் நாடறிந்த அணியானது. பல்லாவரத்தின் வேல்ஸ், பழைய மகாபலிபுரம் சாலையில் படூரிலுள்ள இந்துஸ்தான் ஆகிய நிறுவனங்களும் இதே பாதையில் வந்தன. முன்பு ஒரே அணியில் பன்னிரண்டு பேருக்கு மட்டும் இருந்த இடம் இப்போது சென்னையின் தெற்குப் புறநகரில் மட்டும் பல மடங்கு. ஒரு சிற்றூரில் டிரிபிளிங் கற்ற பையன் பிளஸ் டூ முடித்ததும் எலெக்ட்ரிக் டிரெயினில் பொத்தேரி வந்து இறங்கி செலக்‌ஷனில் நிற்பது வழக்கமாகிவிட்டது. காலையில் உடற்பயிற்சி, பகலில் வகுப்பு, மாலையில் கோர்ட் என்று ஆண்டு முழுக்க ஒரே பயிற்சியாளரிடம் ஆட முடிவது இந்தக் கட்டத்தில்தான். பட்டம் வாங்கிய பிறகு அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது.

லீக் முயற்சிகள்

அந்த இடைவெளியை நிரப்ப இரண்டு முயற்சிகள் நடந்தன. 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. லீகில் சென்னை ஸ்லாம் என்ற அணி இருந்தது. லீக் 2017க்குப் பின் நீடிக்கவில்லை. இந்தியத் தேசியக் கூடைப்பந்து லீகான ஐ.என்.பி.எல்., சென்னை, பெங்களூரு, கொச்சி, மும்பை, டெல்லி, சண்டிகர் என்று ஆறு நகர அணிகளோடு நடந்தது. 2023 ஜனவரியில் முடிந்த அதன் முதல் பருவத்தைச் சென்னை ஹீட் வென்றது. அதற்கு முந்தைய ஏப்ரலில், 2022இல், சென்னையில் நடந்த 71ஆவது தேசிய சாம்பியன்ஷிப் இறுதியில் தமிழ்நாடு ஆடவர் அணி பஞ்சாபை 87-69 என வீழ்த்தியிருந்தது. திறமைக்குக் குறைவில்லை. ஒரு சீசனில் ஒரு வீரருக்குக் கிடைக்கும் கடுமையான ஆட்டங்களின் எண்ணிக்கைதான் குறைவு.

2024: உலகமும் சென்னையும்

ஓர் ஆண்டை எடுத்துப் பார்த்தால் இந்தக் குறைவு விளங்கும். அமெரிக்காவின் என்.பி.ஏ.வில் ஒரு அணி வழக்கமான சுற்றில் மட்டும் 82 ஆட்டம் ஆடும்; 2024 ஜூனில் பாஸ்டன் செல்டிக்ஸ் டல்லஸை 4-1 என வென்று 18ஆவது பட்டத்தைத் தொட்டது. ஐரோப்பாவின் யூரோலீகை மே மாதம் பெர்லினில் பனாத்தினாய்கோஸ், ரியல் மாட்ரிட்டை 95-80 என வீழ்த்திக் கைப்பற்றியது. 2021இல் தொடங்கிய ஆப்பிரிக்க லீகை அங்கோலாவின் பெட்ரோ டி லுவாண்டா முதல் முறையாக வென்றது. ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆடவர் பிரான்ஸை 98-87 என்றும், மகளிர் அதே பிரான்ஸை 67-66 என்றும் வென்றனர். மகளிருக்கு அது தொடர்ந்து எட்டாவது தங்கம். இந்தியா ஒலிம்பிக்கில் ஆடியது 1980 மாஸ்கோவில் ஒரே முறை. ஓர் ஆட்டத்திலும் வெல்லாமல் பன்னிரண்டாம் இடம்.

2017 முதல் ஃபிபா தகுதிச்சுற்று ஆட்டங்களை நாடுகள் மாறி மாறித் தம் மண்ணில் நடத்துகின்றன. அந்த முறையில் 2024 நவம்பரில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று சென்னை ஜவாஹர்லால் நேரு உள்ளரங்குக்கு வந்தது. கத்தாரிடம் தோற்ற இந்தியா, மூன்று நாள் கழித்துக் கஜகஸ்தானை 88-69 என வென்றது. 2025 மார்ச்சில் பஹ்ரைனில் நடந்த இறுதித் தகுதிப் போட்டியில் பஹ்ரைனையும் ஈராக்கையும் வென்று ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. ஆகஸ்டில் ஜித்தாவில் ஜோர்டானை எதிர்த்து ஓவர்டைம் வரை இழுத்துத் தோற்றது. சீனாவிடமும் சவூதி அரேபியாவிடமும் தோற்று வெளியேறியது. எதிரணி வீரர்களுக்குத் திரும்பிப் போக கிளப்பும் அடுத்த சீசனும் காத்திருந்தன. இந்திய அணியில் பெரும்பாலோர் அலுவலக அணிக்கும் அடுத்த முகாமுக்கும் திரும்பினார்கள்.