ஞாயிறு இல்லாத வாரம்

1929இல் சோவியத் அரசு வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கிவிட்டது. இயந்திரங்கள் ஒரு நாளும் நிற்கக் கூடாது, தேவாலயங்களும் காலியாக வேண்டும். நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு. தொழிலாளர்களை ஐந்து நிறங்களாகப் பிரித்து, தினமும் ஒரு நிறத்துக்கு லீவு விட்டார்கள்.

கணக்குப்படி ஓய்வு கூடியிருந்தது. ஆனால் கணவன் மஞ்சள், மனைவி சிவப்பு என்றால் இருவரும் சேர்ந்து வீட்டில் இருக்க ஒரு நாள்கூட இல்லை. சபை கூடவும் பொதுவான நாள் இல்லை.

ரோஸ்டர் போட்டு வேலை பார்க்கும் ஐடிக்காரனான எனக்கு இது நன்றாகவே புரிகிறது. எல்லோரும் ஆபீஸில் இருக்கும் செவ்வாய்க்கிழமை எனக்கு மட்டும் லீவு கிடைத்தால் தூங்கலாம், அவ்வளவுதான். உபாகமத்தின் ஓய்வுநாள் கட்டளை எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவூட்டி, வேலைக்காரருக்கும் அதே நாளில் ஓய்வு கேட்கிறது. யாரும் யாருக்கும் வேலை செய்யாத நாள் அது. தனித்தனியாகப் பங்கு போட்டால் அதில் லீவு மிஞ்சும், வழிபாடு மிஞ்சாது.

1931இல் ஆறு நாள் வாரம் வந்தது. 1940 ஜூனில் ஞாயிறு திரும்பியது. பக்தியால் இல்லை, அதே ஆணைதான் வேலை நேரத்தைக் கூட்டி, அனுமதியின்றி வேலையை விடுவதையும் குற்றமாக்கியது. இத்தனைக்குப் பிறகும் ரஷ்யர்கள் ஞாயிற்றுக்கிழமையை 'வஸ்க்ரிசேனியே' என்றுதான் சொல்கிறார்கள். உயிர்த்தெழுதல் என்று அர்த்தம்.