பாடம் முடிப்பதும் பிள்ளையை அறிவதும்: தொடக்கப் பள்ளி வகுப்பாசிரியரின் பொறுப்பு குறித்து

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, ஆசிரியரின் கடமைகளை 24ஆம் பிரிவில் வரிசைப்படுத்துகிறது. நேரம் தவறாமல் பள்ளிக்கு வர வேண்டும். குறித்த காலத்துக்குள் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும். பெற்றோரைச் சந்தித்து வருகையையும் முன்னேற்றத்தையும் சொல்ல வேண்டும். தாளில் இவற்றுக்குள் பூசல் இல்லை. வகுப்பறையிலோ பாடத்தை முடிப்பதும் ஒவ்வொரு பிள்ளையையும் கவனிப்பதும் ஒரே பாடவேளைக்காக மோதிக்கொள்கின்றன. அப்போது எதை விட்டுக்கொடுப்பது என்று சட்டம் சொல்லவில்லை. பிள்ளை எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று அறிவதே வகுப்பாசிரியரின் தலையாய பொறுப்பு, மற்றவை அதற்குப் பின்தான் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. அப்படி அறிந்ததை வைத்து முடிவெடுக்கும் உரிமை ஆசிரியருக்கு இல்லாதபோது, விளைவுக்கு மட்டும் அவரைப் பொறுப்பாக்குவது முறையாகாது.

மூன்றாம் வகுப்பில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால், சில பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். தவறு என்று சுழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுப்பது எளிது. "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேட்டால் பதில் வரும்: "ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு." பெரிய எண்ணிலிருந்துதான் சிறியதைக் கழிக்க முடியும் என்று ஒன்றாம் வகுப்பில் கற்றதைப் பிள்ளை ஒவ்வொரு இடத்துக்கும் தவறாமல் பொருத்தியிருக்கிறது. அதற்குக் கழித்தல் தெரியாமல் இல்லை. 52 என்பது ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் சேர்ந்தது என்பது பிடிபடவில்லை. அந்தப் பிள்ளைக்கு இன்னும் இருபது கழித்தல் கணக்கு கொடுத்தால் இருபதையும் அதே வழியில்தான் போடும். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கையில் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்கச் செய்தால் வழி திறக்கும். அதற்குக் கால் மணி நேரம் ஆகலாம். பாடத்திட்டத்தில் அந்தக் கால் மணிக்கு இடமில்லை என்பதே சிக்கல்.

தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் இந்தச் சிக்கல் இன்னும் இறுகுகிறது. சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஐந்தும் ஒருவர் கையில். இத்தகைய பள்ளியில் 'வகுப்பு' என்பதே வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும் பிரிவு. செயல்வழிக் கற்றல் இதை ஓரளவு ஒப்புக்கொண்டது. ஆந்திரத்தின் ரிஷி வேலி பள்ளி முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் பரவிய அம்முறையில் கற்றல் படிகளைக் காட்டும் ஏணியும் செயல்பாட்டு அட்டைகளும் இருந்தன. பிள்ளை தன் வேகத்தில் ஏறலாம். அட்டையை எடுத்துக் கொடுப்பதோடு ஆசிரியர் வேலை முடிந்தது என்று சில இடங்களில் ஆகிப்போனது முறையின் குற்றமல்ல.

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பார்க்கிறது. நோக்கம் சரி. ஆனால் நிலை வேறு, காரணம் வேறு. ஒரே அரும்பு நிலையில் இரு பிள்ளைகள் இருக்கலாம்: ஒன்றுக்குக் கரும்பலகை தெளிவாகத் தெரிவதில்லை, இன்னொன்று ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்தது. முதல் பிள்ளைக்குத் தேவை கண் பரிசோதனை, இரண்டாவதற்குத் தேவை நிறையப் பேச்சு. நிலையைப் பதிவேற்றும் கைபேசிச் செயலியில் இரண்டும் ஒரே கட்டத்தில்தான் விழும். வேறுபாட்டை அறிய வல்லவர் எதிரே நிற்கும் ஆசிரியர் ஒருவரே.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. பதிவேடு இல்லாத காலத்தில் கடைசி வரிசைப் பிள்ளையை யாரும் பார்க்கவில்லையே? ஆசிரியரின் தீர்ப்பு என்ற பெயரில், 'இதுக்கெல்லாம் படிப்பு ஏறாது' என்று சாதியையும் வறுமையையும் பார்த்து முத்திரை குத்தியது நடந்ததுதானே? நடந்தது. ஆகவே பதிவு வேண்டாம் என்பதல்ல என் வாதம். முன்முடிவைக் கலைக்கும் பதிவு ஆசிரியருக்குத்தான் முதலில் பயன்பட வேண்டும். மேலே அனுப்பியதும் அதன் வேலை முடிந்துவிடுவதாக இருக்கக் கூடாது. அந்த முத்திரையை உடைப்பதும் மேலே கண்ட "எப்படிப் போட்டே" என்ற கேள்விதான். 35 என்று எழுதிய பிள்ளைக்கு ஓர் ஒழுங்கான சிந்தனை இருக்கிறது என்பது அதைக் கேட்டவருக்குத்தான் தெரியும்.

நேரத்தைத் தின்னும் பிற பணிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்று தவிரக் கல்விசாராப் பணி கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. வாக்காளர் பட்டியல் வேலையை விடுமுறை நாளிலும் பாடமில்லா வேளையிலும் வைத்துக்கொள்ளுமாறு உச்ச நீதிமன்றம் 2007இலேயே சொன்னது. பள்ளிக் கல்வித் துறையின் இணையத் தகவல் தளமான எமிஸில் (EMIS) பதிவேற்றுவது கல்விப் பணியா இல்லையா என்பதை எந்தப் பிரிவும் தெளிவாக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் அது வளர்ந்தது.

கணக்குப் பார்த்தால் இன்னொன்று தெரியும். சட்டத்தின் அதே அட்டவணை ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி என்கிறது. அதாவது நாளுக்குச் சராசரி நான்கு மணி. ஆசிரியருக்கோ வாரம் குறைந்தது 45 மணி, தயாரிப்பு நேரம் உட்பட. நம் பள்ளிகளில் அன்றாடம் கற்பிக்கும் நேரம் அந்த நான்கு மணியைவிட நீளம்தான். ஆயினும் பாடம் நடத்துவதற்கு வெளியே கணிசமான நேரம் வேண்டும் என்பதைச் சட்டமே ஏற்றிருக்கிறது. நோட்டுகளை விரித்து, தவறுகளை வகை பிரித்து, நாளை யாரோடு உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கும் நேரம் அது. வட்டாரக் கல்வி அலுவலர் பள்ளிக்கு வரும்போது பாடக்குறிப்பேட்டையும் பதிவேற்ற விழுக்காட்டையும் பார்ப்பது இருக்கட்டும். அடுக்கிலிருந்து ஏதேனும் ஒரு நோட்டை உருவி, இந்தப் பிள்ளை இந்தத் தவறை ஏன் செய்கிறது, அதற்காகப் போன வாரம் எந்தப் பாடத்தைத் தள்ளிவைத்தீர்கள் என்று அவர் கேட்கலாம். தள்ளிவைத்ததற்கு விளக்கக் குறிப்பு கேட்காமல் இருக்க வேண்டும்.