வரைபடம் பிறந்த திசை

1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களை இணைத்த காலத்திலும், 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைப் பூட்டத் தொடங்கிய காலத்திலும், உழைத்த கரங்கள் நம்முடையனவாயினும், யந்திரத்தின் வரைபடமோ கடல் கடந்து இங்கிலாந்திலிருந்தே வந்தது.

அந்தச் சரித்திரம் 2018இல் திசை மாறிற்று. அவ்வாண்டு சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த 'சக்தி' என்னும் கணிப்பொறிச் செயலியை அமெரிக்காவின் இன்டெல் உற்பத்தி செய்து தந்தது. இதனினும் விசேஷமானது அதன் நிர்மாண முறை: கணினியியல் பேராசிரியர் அர்விந்தின் ஆராய்ச்சியில் கிளைத்த புளூஸ்பெக் என்னும் வன்பொருள் வடிவமைப்பு மொழியில் செயலியின் நடத்தையை விதிகளாக எழுதிவிட்டால், எவ்விதிகள் ஒருங்கே இயங்கலாம், எவை ஒன்றோடொன்று முரண்படும் என்று தொகுப்பி தானே ஆராய்ந்து, சுற்றமைப்பின் வர்ணனையாக அவற்றை மாற்றிவிடுகிறது; சில்லு கைக்கு வருமுன்பே அவ்வர்ணனையின்மீது மென்பொருளை இயக்கிச் சோதிக்கவும் இயலும். அவ்வாண்டிலேயே சண்டிகர் குறைகடத்தி ஆய்வகம் 180 நானோமீட்டர் முறையில் இன்னொரு சக்தியை உருவாக்கியதை, வரைபடத்தோடு உற்பத்தியும் நம் நாட்டிலேயே நிகழ்ந்தமையால், நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.