பெயரால் பிழைத்த நண்டு

நண்டுக்குத் தமிழில் பெயர்கள் பல. அலவன், ஞெண்டு, கள்வன் என்பன அவற்றுட் சில. ஐங்குறுநூற்றில் 'கள்வன் பத்து' என்றே ஒரு பகுதி அமைந்துள்ளது. அது பாடும் நண்டு கடல்நண்டு அன்று. மருதநிலத்து வயலில் வாழும் நன்னீர் நண்டு. வயல்நண்டையும் கூர்ந்து நோக்கிய மரபில் வந்த நாம், சிங்கப்பூர்த் தீவுக்கே உரிய நன்னீர் நண்டொன்றை அறிந்திருக்கின்றோமா? உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத அச்சிற்றுயிர், 1986ஆம் ஆண்டு வரை தனக்கென ஒரு பெயரின்றியே வாழ்ந்து வந்தது.

அந்நண்டு வாழ்ந்த புக்கிட் தீமாக் குன்று அறிஞர் கண்படாத இடமன்று. 1854ஆம் ஆண்டிலேயே ஆல்பிரட் ரசல் வாலஸ் அங்கு வந்து வண்டினங்களைத் திரட்டினார். 1883ஆம் ஆண்டில் அது காப்புக்காடாயிற்று. எனினும், அதன் ஓடைக் கற்களின் அடியில் வாழ்ந்த நண்டை ஜோகூரில் வாழும் நண்டின் இனமென்றே எண்ணினர். இரண்டும் உருவில் ஒத்தவை. மேலோடு மூன்று சென்டிமீட்டர் அகலமே உடையவை. பகலில் ஒளிந்து இரவில் இரைதேடும் உயிரை யார் உற்று நோக்குவார்?

சிங்கப்பூர் விலங்கியல் அறிஞர் பீட்டர் இங் உற்று நோக்கினார். நன்னீர் நண்டுகளை ஓட்டின் நிறத்தைக் கொண்டு மட்டும் பிரித்தறிதல் இயலாது. ஆண்நண்டின் வயிற்றுமடலின் கீழே மறைந்துள்ள முதல் இணை இனப்பெருக்க உறுப்பின் வடிவமே தலையாய சான்றாகும். இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளை ஆராய்ந்து, இது தனி இனமென 1986ஆம் ஆண்டில் அவர் நிறுவினார். 'ஜோஹோரா சிங்கப்பூரென்சிஸ்' என்பது அதன் அறிவியற் பெயர். முற்பகுதி ஜோகூரையும் பிற்பகுதி சிங்கப்பூரையும் குறிக்கும்.

இவ்விரு பெயர்களிலும் ஒரு நெடிய வரலாறு அடங்கியுள்ளது. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இத்தீவு மலாயாப் பெருநிலத்தோடு இணைந்திருந்தது. பின்னர்க் கடல் உயர்ந்து இடையே புகுந்தது. கடல்நண்டின் இளவுயிர்கள் அலையில் மிதந்து நெடுந்தொலைவு பரவும். மலையோடை நண்டுக்கோ அவ்வாய்ப்பில்லை. அதன் முட்டைகள் எண்ணிக்கையிற் குறைந்தவை, அளவிற் பெரியவை. குஞ்சுகள் முழு நண்டு வடிவிலேயே வெளிவந்து, தாயின் வயிற்றடியில் சிலகாலம் தங்கிப் பின் அதே ஓடையில் வாழத் தலைப்படும். ஆதலின், ஓடை கெட்டால் நண்டுக்குப் புகலிடமில்லை.

கெடுதலும் நேர்ந்தது. புக்கிட் தீமா ஓடையில் நண்டுகள் அருகின. நீரில் அமிலத்தன்மை மிகுந்தமை காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். புக்கிட் பாத்தோக் போன்ற இடங்களில் எஞ்சியவையோ காப்புக்காட்டிற்கு வெளியே, சிற்றோடைகளை நம்பி வாழ்ந்தன. 2008ஆம் ஆண்டில் இயற்கைப் பாதுகாப்புக்கான அனைத்துலகச் சங்கம் இதனை மிக அருகிய இனமாக அறிவித்தது. 2012ஆம் ஆண்டில் வெளியான, உலகில் பேரிடர்க்குள்ளான நூறு உயிரினங்களின் பட்டியலிலும் இது இடம்பெற்றது. அதன்பின், நண்டுகளை வளர்ப்பிடத்தில் பெருக்கித் தக்க ஓடைகளில் விடும் பணி தொடங்கப்பெற்றது.

இங்கு நாம் எண்ணிப் பார்த்தற்குரிய செய்தியொன்றுண்டு. இந்நண்டு இன்றும் ஜோகூர் நண்டென்றே கருதப்பட்டிருப்பின், இத்தீவில் அது அழிந்தாலும் யாரும் கவன்றிரார். 'அக்கரையில் இன்னும் இருக்கின்றனவே' என்று அமைந்திருப்பர். அவ்வாறே ஓர் இனம் முழுவதும், அழிந்ததென்ற பதிவுமின்றி மறைந்திருக்கும். தனிப்பெயர் பெற்றமையாலன்றோ அதனைக் காக்கும் கடமை தோன்றியது!

பெயரிடுதல் வெறும் சொல்லாக்கமன்று. ஒன்றைப் பிறிதொன்றினின்று வேறுபடுத்தி அறிந்ததன் அடையாளம். காத்தலுக்கு முதற்படி அறிதல்; அறிதலுக்கு முதற்படி பிரித்தறிதல். கள்வன் பத்தை வகுப்பில் பயிற்றும் ஆசிரியர், இம்மண்ணின் நண்டையும் மாணவர்க்கு ஒருமுறை எடுத்துரைத்தல் நன்று. அதனைக் காண ஓடைக் கற்களைப் புரட்ட வேண்டுவதில்லை. அது அங்கே வாழ்கின்றது என்பதை அறிந்து, அதன் ஓடையைத் தூய்மையாக விட்டுவைத்தலே போதுமானது.