நிரல் சொல்லாத கச்சேரிகள்

ஒரு சிறிய இசைக்குழு அடுத்த சீசனைத் திட்டமிட உட்கார்ந்தால் முதலில் செய்வது, எந்த நாளில் எதை வாசிக்கப்போகிறோம் என்று அச்சடிப்பது. அதைக் காட்டித்தானே சந்தா வாங்க முடியும்? 1918 கடைசியில் வியன்னாவில் ஆர்னால்ட் ஷோன்பெர்க் ஆரம்பித்த சங்கம் இதைத் தலைகீழாகச் செய்தது. சந்தா கட்டுங்க, வாரா வாரம் வாங்க, ஆனா என்ன வாசிப்போம்னு மட்டும் கேக்காதீங்க.

திமிர் மாதிரித்தான் தெரியும். ஆனால் இதற்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, கன்னத்தில் விழுந்த நிஜ அறை. 1913 மார்ச் 31 அன்று வியன்னாவின் முசிக்ஃபெரைன் அரங்கில் ஷோன்பெர்க் தன் இசையையும் மாணவர்கள் வெபர்ன், பெர்க் ஆகியோரின் இசையையும் நடத்தினார். பெர்கின் பாடல்கள் வந்தபோது சிரிப்பு, கூச்சல், கைகலப்பு. போலீஸ் வந்தது. கடைசியில் வைத்திருந்த மாலரின் பாடல்களைப் பாடாமலே கச்சேரி கலைந்தது. அன்று விழுந்த அறை கோர்ட் வரைக்கும் போனது.

புதிய சங்கத்தின் விதிகளை இந்த இரவோடு சேர்த்து வாசித்தால்தான் புரியும். உறுப்பினர்களுக்கு மட்டுமே அனுமதி. விமர்சகர்களுக்குக் கதவடைப்பு. கைதட்டக் கூடாது, சீட்டியடிக்கவும் கூடாது. நிரலை ஏன் மறைத்தார்கள்? பெர்க் எழுதிய அறிக்கை சொல்லும் காரணம் எளிமையானது: எல்லா வாரமும் ஒரே அளவுக்கு ஆள் வர வேண்டும். பிடித்த பெயர் இருக்கும் நாளில் மட்டும் வந்துவிட்டு மற்ற நாளில் டிமிக்கி கொடுக்க வழியில்லை. 1918 டிசம்பர் 29-இன் முதல் கச்சேரியில் ஸ்க்ரியாபின், டெபுஸி, மாலர். ஷோன்பெர்கின் சொந்தப் படைப்புகளுக்கு ஆரம்ப காலத்தில் இடமே இல்லை.

எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு. பிடிக்கலைன்னு சொல்லும் உரிமையைப் பிடுங்கிவிட்டுக் கேட்கச் சொல்வது என்ன நியாயம்? ஆனால் பதிலுக்கு அவர்கள் கொடுத்ததும் சாதாரணமல்ல. தயாராகும் வரை ஒத்திகை, புரியும் வரை மறுவாசிப்பு. மூன்று ஆண்டுகளில் 117 கச்சேரிகள், 154 படைப்புகள், 353 வாசிப்புகள். அதாவது சராசரியாக ஒவ்வொன்றும் இரண்டு தடவைக்கு மேல்.

ஆர்கெஸ்ட்ராவுக்குக் காசு ஏது? பெரிய சிம்பொனிகளை ஒரே பியானோவில் இருவர் உட்கார்ந்து நான்கு கைகளால் வாசித்தார்கள். பிறகு நாலைந்து தந்தி வாத்தியங்கள், ஒரு பியானோ, ஒரு ஹார்மோனியம். காற்று வாத்தியங்கள் இல்லாத குறையை ஹார்மோனியம்தான் ஈடுகட்டியது. நம் நாடக மேடையின் கைப்பெட்டி அல்ல, காலால் மிதித்து வாசிக்கும் வகை.

விலைவாசி ஏற ஏற சந்தாப் பணம் உதிர்ந்தது. 1921 மே 27 அன்று நிதி திரட்ட ஒரு மாலை: யோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ்கள்! ஷோன்பெர்கும் பெர்கும் வெபர்னும் அவற்றைச் சிறு குழுவுக்காக மாற்றி எழுதினார்கள். ஷோன்பெர்க் வயலின், வெபர்ன் செல்லோ, பெர்க் ஹார்மோனியம். கச்சேரி முடிந்ததும் கையெழுத்துப் பிரதிகளை ஏலம் விட்டார்கள்.

அது போதவில்லை. அதே ஆண்டு மாணவர்கள் மூவர், ஐஸ்லர், ஸ்டைன், ராங்க்ல், ப்ரூக்னரின் ஏழாம் சிம்பொனியைப் பங்கு போட்டுக்கொண்டு சிறு குழுவுக்கு எழுதி முடித்திருந்தார்கள். சங்கம் அதை வாசிக்கவே இல்லை. அதற்குள் கடை மூடியாகிவிட்டது.