விண்ணிலிருந்து வரும் விநாடி

ரயில் நிலையக் கடிகாரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட காலம் ஒன்று உண்டு. இன்று கணிப்பொறிகள் எதைப் பார்த்துத் தம் நேரத்தைத் திருத்திக்கொள்கின்றன, தெரியுமா? ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். துணைக்கோள்களைத்தான்! கூரைமீதுள்ள ஏரியல் வழியாக அவற்றின் சைகையைப் பெற்று, வலைப்பின்னலிலுள்ள கணிப்பொறிகளுக்கெல்லாம் நேரம் சொல்லும் கருவியை 'டைம் சர்வர்' என்பர். நாம் அதை நேர வழங்கி என்போம்.

இக்கதை 1957 அக்டோபர் 4ஆம் நாள் தொடங்குகிறது. அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்னும் இருவர் அதன் வானொலிச் சைகையை உற்றுக் கேட்டனர். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உச்சத்திலும், விலகிச் செல்லும்போது தணிந்தும் கேட்கிறதல்லவா? அந்த டாப்ளர் விளைவு இங்கும் தென்பட்டது. அதை அளந்தே ஸ்புட்னிக்கின் பாதையைக் கணக்கிட்டனர். 1958இல் அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிராங்க் மெக்லூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: பாதை முன்பே தெரிந்திருந்தால், கேட்பவர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கலாமன்றோ? அதன் விளைவே கப்பல்களுக்கு வழிகாட்டிய டிரான்சிட் துணைக்கோள்கள்.

அடுத்து வந்தது ஜி.பி.எஸ். அதன் முதல் துணைக்கோள் 1978 பிப்ரவரியில் ஏவப்பட்டது. இம்முறையில் சைகை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தூரம் அளக்கப்படுகிறது. ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். ஆகவே துணைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இடம்பெற்றன. இடம் காட்டப் பிறந்தது காலமும் காட்டலாயிற்று.

ஆனால் அந்தச் சைகையைப் பிடிப்பது எளிதன்று. தரைக்கு வரும்போது அது கருவியின் சொந்த இரைச்சலைவிட மெலிந்திருக்கும். போதாக்குறைக்கு எல்லாத் துணைக்கோள்களும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்னும் ஒரே அதிர்வெண்ணில் பேசுகின்றன! திருவிழாக் கூட்டத்தில் குழந்தை தாயின் குரலை எப்படி அறிகிறது? முன்பே பழகிய குரல் என்பதால்தானே? அவ்வாறே ஒவ்வொரு துணைக்கோளுக்கும் 1023 குறிகள் கொண்ட தனிச் சங்கேதம் உண்டு. இத்தகைய சங்கேதங்களை அமைக்கும் முறையை 1967இல் வெளியிட்டவர் ராபர்ட் கோல்ட். விநாடிக்கு ஆயிரம் முறை ஒலிக்கும் அச்சங்கேதத்தின் நகலைக் கருவி தானே உண்டாக்கி, வரும் அலையோடு நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்கும். பொருந்திய கணத்தில் இரைச்சலிலிருந்து சைகை தலைதூக்கும்.

இங்கே பழைய நண்பர் டாப்ளர் குறுக்கிடுகிறார்! துணைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் வேகத்தில் விரைவதால் அதிர்வெண் 5,000 ஹெர்ட்ஸ் வரை கூடும் அல்லது குறையும். ஆகவே சங்கேதத்தை மட்டுமின்றி அதிர்வெண்ணையும் தேட வேண்டும். 1957இல் வழிகாட்டிய விளைவே இன்று தாண்டவேண்டிய தடையாகிறது.

பிடித்தபின் நழுவவிடலாகாது. கருவி தன் நகலைச் சற்று முந்தியும் சற்றுப் பிந்தியும் ஒப்பிடும். இரண்டும் சமமாகப் பொருந்தினால் நடுப்புள்ளி சரி. இல்லையேல் நகலை நகர்த்தும். இவ்வாறு தொடர்ந்துகொண்டே, விநாடிக்கு 50 குறிகள் வீதம் வரும் செய்தியையும் படிக்கும். இடமும் நேரமும் அறிய நான்கு துணைக்கோள்கள் தேவை. ஆனால் நேர வழங்கி இருக்கும் கட்டடம் நகர்வதில்லையே! இடம் ஒருமுறை தெரிந்துவிட்டால், பிறகு நேரத்துக்கு ஒரு துணைக்கோளே போதும். அந்த நேரத்தைக் கணிப்பொறிகளுக்குப் பகிரும் நெறிமுறையை டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்டார்.

இத்தனை நுட்பமும் தவறாதா? 2016 ஜனவரி 26 அன்று தவறியது. பழைய துணைக்கோள் ஒன்று ஓய்வு பெற்றபோது, வேறு சில துணைக்கோள்கள் உலகப் பொது நேரத்துக்கான திருத்தத்தை ஏறத்தாழ 13 மைக்ரோ விநாடி பிழையாக ஒலிபரப்பின. இடம் காட்டுவதில் பிழையில்லை. எனினும் தொலைத்தொடர்புக் கருவிகள் எச்சரிக்கை எழுப்பின. பிரிட்டனில் டிஜிட்டல் வானொலியும் தடுமாறியது. கருவிகள் சைகையைச் சரியாகவே பிடித்திருந்தன. சொல்லப்பட்ட சேதிதான் தவறு!

எனவேதான் கவனமுள்ள பொறியாளர்கள் ஒரே மூலத்தை நம்புவதில்லை. பல கடிகாரங்களை ஒப்பிடுகிறார்கள். சைகை தவறினாலும் நேரம் காக்கத் தரமான படிகக் கடிகாரத்தையும் உடன் வைக்கிறார்கள். வானத்துக் கடிகாரத்தையும் சரிபார்க்கத்தான் வேண்டும், வாசகர்களே!